குமுளி ஏற்றத்தில் ஒரு யானை லோடு

கியரைத் தானே மாற்றிக்கொண்டு, பழுதான வண்டிகளை இழுக்கும் ரெக்கவரி வண்டியை என் கையில் கொடுத்த முதல் வாரம், என் இடது கால் வேலையில்லாமல் தவித்தது. தல்லாகுளம் சிக்னலில் வண்டி நிற்கப் போகிறது என்றால், அந்தக் கால் தானாகவே போய் இல்லாத கிளட்சைத் தேடி வெறும் தரையை மிதிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாண்டி அதைப் பார்த்துச் சிரிப்பான். "மாப்ள, லாரி ஓட்டுறியா, தையல் மிஷின் ஓட்டுறியா?" என்பான். பாண்டிக்கும் எனக்கும் ஒரே வயது. வண்டி எங்கே நின்றாலும் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவன் வேலை. அவன் போட்ட கட்டையை நம்பித்தான் நான் பல தடவை உயிரோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

இப்போது பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் கிளட்ச் மிதித்துக் கனரக வண்டி ஓட்டியதே இல்லை என்று கேள்விப்பட்டேன். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கால் செய்துவந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லாரியில் வருகிற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி பெரும்பாலும் உள்ளே பழைய பல்சக்கரப் பெட்டிதான். நம் காலும் கையும் செய்ததை ஒரு கம்ப்யூட்டர் காற்றழுத்தத்தை வைத்துச் செய்கிறது. எவ்வளவு பாரம், எவ்வளவு ஏற்றம், எவ்வளவு மிதிக்கிறோம் என்று கணக்குப் போட்டுக் கிளட்சை விடுவித்து, பல்லை மாற்றி, திரும்பச் சேர்க்கிறது. அந்த ஒரு நொடியில் இழுவை அறுந்து மறுபடி ஒட்டுகிறது. மாட்டுத்தாவணியிலிருந்து ரிங் ரோட்டில் பழுதான பேருந்து ஒன்றை இழுத்துக்கொண்டு போகும்போது அந்த நொடி தெரியவே தெரியாது. முதல் நாள் எனக்கு மெய்சிலிர்த்தது. நான் இத்தனை வருடம் பழகிக் கற்றதை ஒரு பெட்டி பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

வண்டியோடு பயிற்சி கொடுக்க ஒருவர் வந்திருந்தார். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் கல் ஏற்றிய லாரி ஒன்றை இழுக்க என்னோடு வந்தார். கணவாய் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சாலை சற்றே சமமாகும். பெட்டி உடனே மேல் கியருக்குத் தாவியது. அடுத்த வளைவில் ஏற்றம் திரும்ப நிமிர்ந்ததும் வண்டி திணறி, கீழ் கியரைத் தேடி, கிட்டத்தட்ட நின்றேவிட்டது. அவர் பதறவில்லை.

"இந்தப் பெட்டி இப்ப என்ன நடக்குதுன்னு மட்டுந்தான் பாக்கும் சார்," என்றார். "அடுத்து என்ன வருதுங்கிறது உங்க கண்ணுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மேனுவல் பட்டன் இருக்கு."

இப்போது வரும் சில வண்டிகள் வரைபடத்தைப் பார்த்து மேட்டை முன்கூட்டியே தெரிந்துகொள்கின்றனவாம். நல்லதுதான். ஆனால் நான் சொல்லப்போகிற அந்தப் பகலில் என்ன வந்தது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். காலையில் கோச்சடை வீட்டில் இட்லித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். பட்டறையிலிருந்து சேகர் கூப்பிட்டான். வண்டிகளை அனுப்பி வைப்பது அவன் பொறுப்பு.

"அண்ணே, குமுளி மலையில ஒரு லாரி நிக்குது. ஏத்தத்துல கிளட்ச் போயிருச்சாம். மேல குமுளி வரைக்கும் இழுத்துவிடணும்."

"கம்பம், தேனியில ஆள் இல்லையா?"

"அங்கிருந்து ஒரு கிரேன் வந்து கயிறு போட்டு இழுத்துப் பாத்துருக்கு. குலுங்குதுன்னு வேணாம்னுட்டாக. சமமா இழுக்குற பெரிய வண்டி வேணும்கிறாக."

"குலுங்கக் கூடாத லோடா? கண்ணாடியா?"

சேகர் கொஞ்சம் தயங்கினான். "யானைண்ணே."

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் என்று போய்ச் சேரும் வரை பாண்டி அதையே பேசிக்கொண்டு வந்தான். "எம்புட்டு எடை இருக்கும் மாப்ள? படுத்துருக்குமா, நின்னுக்கிட்டு இருக்குமா?" லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவனும் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாகக் கீழே கிடந்தது. மலையிலிருந்து இறங்கும் மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களைக் கடந்து சில வளைவுகள் ஏறியதும் லாரி தெரிந்தது.

முதலில் தெரிந்தது லாரி இல்லை. பக்கப் பலகைக்கு மேல் எழுந்து நின்ற முதுகு. அந்த வளைவில் மலைக்குள் இன்னொரு சின்ன மலையைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. லாரியை ஒட்டி மெதுவாகக் கடக்கும்போது என் கண்ணாடிக்கு நேராக ஒரு கண் வந்தது. சுருக்கங்களுக்கு நடுவே, ஈரமாக, என்னைவிட நிதானமாக அது என்னைப் பார்த்தது. நாற்பது வருடத்தில் நான் கல் இழுத்திருக்கிறேன், கரும்பு இழுத்திருக்கிறேன், எரிந்துபோன டேங்கர் இழுத்திருக்கிறேன். ஒரு லோடு என்னைத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் பெயர் மாளு. மேலூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தில் பல காலம் இருந்தவள். வயதாகி, பாதங்களில் புண் வந்துவிட்டதால், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பராமரிப்பு முகாமுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். கூடவே ஜீப்பில் வந்திருந்த கால்நடை மருத்துவர் நிலைமையை எனக்கு விளக்கினார். நாற்பது வயதிருக்கும் பெண். கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"விடிஞ்சதுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கா. வலது பின்னங்கால் நடுங்க ஆரம்பிச்சிருச்சு. லாரிக்குள்ள உட்கார்ந்துட்டான்னா இந்த இடுக்குல எழுந்திரிக்க முடியாது. அவ எடையே அவ நெஞ்சை அழுத்தும். அது உயிருக்கு ஆபத்து."

"இங்கேயே இறக்க முடியாதாம்மா?"

"லாரி மட்டத்துக்கு மேடு இருந்தாத்தான் இறக்கலாம். இங்க ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இறக்கினாலும் இந்தக் காலோட மலை ஏற மாட்டா. குமுளியில செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துல ஒரு மண்மேடு இருக்கு. அங்க கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க."

வழக்கமாகப் பழுதான லாரியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத்தான் இழுப்போம். அது பாதுகாப்பு. ஆனால் ஏற்கனவே ஏற்றத்தில் பின்பக்கம் சாய்ந்து நிற்கும் லாரியின் முன்பக்கத்தை இன்னும் தூக்கினால், மாளுவின் பாரம் முழுவதும் அந்த நடுங்குகிற காலில் போய் இறங்கும். அதனால் தூக்கவில்லை. இரண்டு வண்டிக்கும் நடுவே இரும்பு ராடு கொடுத்தேன். லாரியின் கிளட்ச்தான் போயிருந்தது, இன்ஜின் ஓடியது. அந்த டிரைவரை இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னேன். அப்போதுதான் பிரேக்குக்குக் காற்று இருக்கும்.

லாரிக்குள், மாளுவின் கழுத்தருகே, பாகன் நின்றிருந்தார். கம்பத்துக்காரர், காதர் பாய். தாடி நரைத்தவர். இறங்கி ஜீப்பில் வரலாமே என்று பாண்டி கேட்டான்.

"நான் இறங்கினா இவ உட்காந்துருவாண்ணே," என்றார் பாய். "எம் மூஞ்சிக்காகத்தான் நின்னுக்கிட்டு இருக்கா."

ஆட்டோமேட்டிக்கிலேயே கிளம்பினேன். முதல் கியர், இரண்டாம் கியர், அழகாகப் போனது. சாலை கொஞ்சம் தளர்ந்த இடத்தில் பெட்டி மூன்றாவதுக்குப் போனது. அந்த நொடி இழுவை அறுந்தது. பின்னால் லாரி தலையாட்டியது. பலகையில் 'தொம்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து மாளு பிளிறினாள். பள்ளத்தாக்கு முழுவதும் போய்த் திரும்பி வந்த அந்தக் குரலை என் முதுகெலும்பில் கேட்டேன். பெட்டி மறுபடி இரண்டாவதுக்கு இறங்கியது, மறுபடி 'தொம்'. கொஞ்ச தூரத்தில் திரும்பவும் மூன்றாவது. கல்லோ கரும்போ இருந்த இடத்தில் இருக்கும். இது உயிருள்ள பாரம். குலுங்கினால் பின்னால் கால் வைக்கும், பிறகு முன்னால் சாயும். பெட்டிக்குப் பாரம் ஒரு கணம் கூடுகிறது, ஒரு கணம் குறைகிறது. குறைந்தது என்று நம்பி மேலே போகிறது. போனதும் அவள் தடுமாறுகிறாள். பெட்டி அவளைக் குழப்ப, அவள் பெட்டியைக் குழப்ப, நான் நடுவில்.

பாய் லாரிக் கூரையைத் தட்டினார். நிறுத்தினேன். பாண்டி பறந்துபோய்க் கட்டை போட்டான்.

"அண்ணே, உங்க வண்டி ரெண்டு மனசா இழுக்குது," என்றார் பாய். கோபம் இல்லை, விளக்கம்தான். "இவளுக்கு வேகம், மெதுவு எல்லாம் ஒண்ணுதான். எப்ப இழுக்கும்னு தெரிஞ்சாப் போதும். காலை ஊனிக்குவா."

மேனுவலைப் போட்டு இரண்டாம் கியரில் பூட்டினேன். இழுவையோடு ஏற்றத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான். உச்சி வரை எந்தக் கியர் தாங்குமோ அதை நீங்களே முடிவு செய்து பெட்டியிடம் சொல்லிவிடுங்கள். சாலை தளர்ந்தாலும் ஆசைப்படாதீர்கள். வண்டி ஒரே குரலில் உறுமிக்கொண்டு நடையாய் ஏறியது. 'தொம்' சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் மாளுவின் முதுகு தேர்போல் ஒரே சீராக அசைந்து வந்தது.

இப்படியே போயிருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. கொண்டை ஊசி வளைவு ஒன்றின் பாதியில் இருக்கும்போது மேலிருந்து ஒரு பேருந்து வந்து மூக்கை நீட்டியது. அந்த டிரைவர் மேல் தப்பில்லை. வளைவுக்குள் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. இருவரும் நின்றோம். சாலையிலேயே மிகச் செங்குத்தான இடம் அது. அதே நேரம் என் முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கிளட்ச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். கியர் மாறி மாறித் திணறியதிலும், ஏற்றத்தில் நின்று கிளம்பியதிலும் ஏறிய சூடு.

இங்கே ஒரு ஆசை வரும், கவனமாகக் கேளுங்கள். ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திக்கொண்டிருந்தால் வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அந்தரத்தில் நிற்பதுபோல் சுகமாக இருக்கும். பேருந்து ஒதுங்கியதும் அப்படியே போய்விடலாம் என்று தோன்றும். உள்ளே கிளட்ச் பாதி பிடித்தும் பாதி நழுவியும் வெந்துகொண்டிருக்கும். சூடு எல்லை மீறினால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளட்சைத் திறந்துவிடும். என் வண்டி, ராடு, லாரி, மாளு, பாய் எல்லோரும் ஒன்றாகப் பின்னால் போவோம்.

பிரேக்கைப் பூட்டி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டேன். பாண்டி இரண்டு வண்டிக்கும் கட்டை போட்டான். பேருந்து டிரைவர் பயணிகளை இறக்கிவிட்டு, நடத்துனர் விசில் ஊத, அகலமான இடம் வரை பின்னாலேயே எடுத்துப் போனார். வழி கிடைத்துவிட்டது. மருத்துவர் என் கதவருகே ஓடி வந்தார்.

"ரோடு கிளியர் ஆயிருச்சே, எடுங்க! கால் மடங்க ஆரம்பிக்குது!"

"கிளட்ச் ஆறணும்மா. இந்த விளக்கு அணையட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாதும்மா. இப்ப எடுத்து நடுவுல விட்டுருச்சுன்னா அவளை யாராலயும் காப்பாத்த முடியாது."

அவர் என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். திரும்பி லாரிக்கு ஓடினார். அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது, நான் செய்த வேலைகளிலேயே கடினமானது. பாறைச் சந்தில் ஊறிய தண்ணீரைப் பயணிகள் பாட்டிலில் பிடித்துக் கைமாற்றிக் கொடுத்தார்கள். பாய் அதை மாளுவின் காதிலும் நெற்றியிலும் ஊற்றினார். அவள் பின்னங்கால் மடங்கும், பாய் என்னவோ மலையாளத்தில் சொல்வார், கால் நிமிரும். மறுபடி மடங்கும். அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் எங்கிருந்தோ தன் பலத்தைத் திரட்டி எழுந்து நின்றாள்.

அப்போது பாய் பலகைக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒண்ணு கவனிச்சேன். நீங்க பிரேக்குல இருந்து காலை எடுக்குறப்ப 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம் வருதுல்ல?"

"ஆமா, காத்து விடுற சத்தம்."

"அதைக் கேட்டதும் இவ முன்னங்காலை அகட்டி வச்சு, நெத்தியை முன்பலகையில கொடுத்துக்குறா. நான் ஒண்ணும் சொல்லல. அவளாச் செய்யுறா. ஆனா முடிக்குறதுக்குள்ள இழுத்துருறீக."

அதுவரை நாங்கள் நின்று கிளம்பியது ஒன்றிரண்டு தடவைதான். இந்தப் பெட்டி எதற்குப் பிறகு எதைச் செய்யும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. வலியோடு, என் காலைப் பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு, அவள் அதைக் காதால் படித்திருந்தாள்.

ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் வண்டி உடனே பின்னால் உருளாது. ஓரிரு நொடி தானே பிடித்து வைத்திருக்கும். அந்த நேரத்தை வீணாக்காதே, உடனே மிதி என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். இப்போது அந்த நேரத்தில் பாதியை மாளுவுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் எல்லோரும் பள்ளத்தில். குறைத்தால் அவள் விழுவாள்.

மஞ்சள் விளக்கு அணைந்தது. முதல் கியரைப் போட்டுப் பூட்டினேன். பாண்டியிடம் கட்டையை எடுக்கச் சொல்லாமல், அதில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு சக்கரம் நகர்ந்த பிறகே இழுக்கச் சொன்னேன். பின்னால் லாரி டிரைவர் தயார் என்று கை காட்டினார்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். 'புஸ்.' ஒரு கணம் மிதிக்காமல் காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு பாரம் முன்னுக்கு வந்து அமர்வது என் இருக்கையில் தெரிந்தது. பெரிய கதவு ஒன்று மெதுவாகச் சாத்தப்பட்டதுபோல. உடனே அழுத்தி மிதித்தேன். தயங்காமல், கிளட்ச் ஒரே பிடியாகப் பிடிக்கும்படி. வண்டி உறுமி, முன் நிமிர்ந்து, நகர்ந்தது. குலுக்கல் இல்லை, 'தொம்' இல்லை. அவள் சாய்ந்தது இழுவைக்கு உதவியதா என்று என்னால் சொல்ல முடியாது. படித்தவர்கள் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் அவ்வளவு மென்மையாக எந்தப் பாரமும் என் பின்னால் கிளம்பியதில்லை. கண்ணாடியில் பாண்டி கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

வளைவைக் கடந்தோம். அதற்குப் பிறகு இன்னொரு இடத்தில் நிற்க வேண்டி வந்தது. அங்கேயும் சத்தம், ஒரு கணம், அவள் சாய்வது, நான் மிதிப்பது. இரண்டாவது முறை எனக்குப் பயம் இல்லை. நான் அவளுக்காகக் காத்திருக்கிறேன் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று தோன்றியது. அது என் நினைப்பாகவும் இருக்கலாம்.

குமுளியில் மண்மேட்டை ஒட்டி லாரியை நிறுத்தி, பின்பலகையைத் திறந்தார்கள். மாளு ஒரு காலை மண்ணில் வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். பிறகு அடுத்த கால். முழுவதும் இறங்கிச் சில அடி நடந்து, ஒரு மரத்தடியில் நின்று, மண்ணைத் துதிக்கையால் அள்ளி முதுகில் போட்டுக்கொண்டாள். அப்புறம் முன்னங்கால்களை மடக்கி, ஒரு பெருமூச்சோடு, மெதுவாக ஒருபக்கமாகச் சரிந்தாள்.

விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். மருத்துவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர்.

"படுக்கட்டும். மண்ணுல படுத்தா எழுந்திரிச்சிக்குவா. லாரிக்குள்ளதான் படுக்கக் கூடாது."

பாய் அவள் தலையருகே உட்கார்ந்து, அவள் காதின் மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள், அவரும் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். செக்போஸ்ட்டில் காத்திருந்த வண்டிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் ஹாரன் அடிக்காதே என்று சைகை காட்டினார்கள். காய்கறி லாரிக்காரர் ஒருவர் கைகட்டி நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு மூச்சு வாங்கி விடுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. இந்தத் தொழிலில் ராடைக் கழற்றியதும் கிளம்பிவிடுவோம். இழுத்து வந்த பாரம் அப்புறம் என்ன ஆனது என்று பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தோம்.

என் போன் அதிர்ந்தது. பட்டறையிலிருந்து சேகர்.

"அண்ணே, வேலை முடிஞ்சுருச்சா? திருமங்கலத்துல ஒரு வண்டி நிக்குது. கிளம்பிட்டீகளா?"

"இல்லப்பா," என்றேன் குரலைத் தாழ்த்தி. "வண்டியைக் கிளப்புனா முழிச்சிரும். தூங்கி எந்திரிக்கட்டும், வாரோம்."